பழைய செயின்சா, பல வருடப் பிசுக்கு, இரண்டு தடவை பிரித்த கதை

நேற்று சாயங்காலம் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்து, அதற்கு ஒரு சாண் மேலே செயின்சாவின் பார், அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு, அதன் நுனி இருக்கும்படி மிஷினைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். 10 விநாடிக்குள் அட்டையில் மெல்லிசாக ஒரு எண்ணெய்க் கோடு விழுந்தது. செயினுக்கு எண்ணெய் ஒழுங்காகப் போகிறது என்று அர்த்தம். இந்த ஒரு கோட்டுக்காக 3 ஞாயிற்றுக்கிழமைகள், கூட்டிப் பார்த்தால் 11 மணி நேரம் போல, போயிருக்கிறது. அதில் 4 மணி நேரம் என் அவசரத்தால் வீணானது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

செயின்சா நண்பர் ஒருவருடையது. இனிமேல் தனக்கு வேண்டாம் என்று கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது "அறுக்கும், ஆனா பார் புகையுது. எண்ணெய் என்னவோ ஒழுங்காத்தான் தீருது" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயமே இருந்தது, நான் காதில் வாங்கவில்லை. என் கண்ணெல்லாம் அழுக்கின் மேல் இருந்தது. இது என்ன நிறத்து மிஷின் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, அப்படி ஏறியிருந்தது பிசுக்கு. கைப்பிடிக்குக் கீழே விரலை வைத்தால் ஒட்டிக்கொண்டு வந்தது. வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன், பார், செயின் இல்லாமல் 6.3 கிலோ.

ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றியது முதல் வேலை. அப்புறம் பெட்ரோல் டேங்கைக் காலி செய்தேன். உள்ளே இருந்தது பெட்ரோல் வாடையே இல்லை, பழைய வார்னிஷ் வாடை. செயின் எண்ணெய் டேங்கைக் காலி செய்தபோது வந்தது கன்னங்கரேல் என்று இருந்தது. கேட்டதற்கு, கிடைத்ததை ஊற்றுவாராம். வண்டியில் இருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயில் பாதி நாள், தாவர எண்ணெய் பாதி நாள். தாவர எண்ணெயை மிஷினில் விட்டுவிட்டு மாதக்கணக்கில் மூலையில் வைத்தால் அது காற்றுப் பட்டு இறுகி அரக்கு மாதிரி ஆகிவிடும். செயின் கணுக்கள்கூட மடங்காது. இந்தச் செயினைக் கையில் எடுத்து நீட்டினால் பாதி கணுக்கள் குச்சி மாதிரி விறைத்து நின்றன.

எஞ்சின் சுழற்சியைச் செயினுக்குக் கொடுப்பது கிளட்ச். அதன் மூடியைப் பிடித்திருப்பது 2 நட்டு. மிஷினோடு வரும் டி வடிவச் சாவியின் ஒரு முனை 13 மில்லிமீட்டர் நட்டுக்கு, இன்னொரு முனை 19 மில்லிமீட்டர், பிளக்குக்கு. நட்டு எளிதாக வந்தது, மூடி வரவில்லை. உள்ளே அப்பிக்கொண்ட தூள்தான் மூடியைப் பிடித்திருந்தது என்று நினைத்து மரக்கட்டையால் தட்டி எடுத்தேன். செயினை நிறுத்திப் பிடிக்கும் செயின் பிரேக் போட்டபடியே இருந்ததும் ஒரு காரணம் என்பது மாட்டும்போதுதான் தெரிந்தது.

மூடியைத் திறந்ததும் செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டே தெரியவில்லை. 3 அடுக்காக இருந்தது. மேலே உலர்ந்த மரத்தூள், ஊதினால் பறக்கும். நடுவில் நீளநீளமான மரநார் எண்ணெயில் ஊறிப் பின்னிக்கொண்டு பழைய மிதியடி மாதிரி. அடியில் தார். நடு அடுக்கைத் திருப்புளியால் நெம்பினேன், ஒரே வில்லையாக, மூடியின் உட்புற வடிவத்தோடு அப்படியே பெயர்ந்து வந்தது. சந்தோஷமாக இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன். அந்தச் சந்தோஷத்தில் ஒரு படம்கூட எடுக்காமல், எந்த இடத்தில் ஈரமாக இருக்கிறது, எந்த இடத்தில் காய்ந்திருக்கிறது என்று பார்க்காமல், எல்லாவற்றையும் வழித்து ஒரு டப்பாவில் போட்டேன். 4 மணி நேரம் வீணானது இங்கேதான்.

அடியில் இருந்த தாருக்கு எதைப் போடுவது என்பதில் முதல் ஞாயிறு முழுவதும் போனது. முதலில் அடுப்புக் கரி எடுக்கும் ஸ்ப்ரே. அதில் காஸ்டிக் இருக்கிறது, அலுமினியத்தைத் தின்னும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், சிலிண்டர் ஃபின் (சூட்டை வெளியேற்றும் மெல்லிய தகடு) ஓரத்தில் கொஞ்சம் அடித்துப் பார்ப்போமே என்று அடித்தேன். பொசுபொசுவென்று நுரை பொங்கியது. அழுக்குதான் கரைகிறது என்று 5 நிமிடம் வேடிக்கை பார்த்துவிட்டுத் துடைத்தால், பளபளப்பாக இருக்க வேண்டிய உலோகம் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. பொங்கியது அழுக்கு இல்லை, அலுமினியமே. ஈரத் துணியால் பலமுறை துடைத்து எடுத்தேன். கறை போகாது, இனி அது இந்த மிஷினின் மச்சம்.

அடுத்தது பிரேக் கிளீனர். தாரை நன்றாகக் கரைக்கிறது, ஆனால் பறக்கும் வேகத்தில் தீர்ந்துவிடுகிறது. பக்கவாட்டில் இருந்த எச்சரிக்கை ஸ்டிக்கரின் எழுத்தையும் சேர்த்துக் கரைத்தது. இதை அடித்தால் வெளியில், காற்றோட்டத்தில் வைத்து அடிக்க வேண்டும். நன்றாகக் காயாமல் மிஷினை ஸ்டார்ட் செய்யவும் கூடாது. சில பிரேக் கிளீனர்களில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும், அது சூட்டில் பட்டால் வருவது விஷவாயு. பெட்ரோலால் கழுவுகிறவர்கள் உண்டு. நான் செய்யமாட்டேன், ஒரு பொறி போதும்.

கடைசியில் வேலை செய்தது மண்ணெண்ணெயும் பொறுமையும். பழைய பருத்தித் துணியை மண்ணெண்ணெயில் நனைத்துப் பிழிந்து, தார் இருக்கும் இடமெல்லாம் கட்டுப்போடுவது மாதிரி ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் தார் குழம்பாக இளகியிருந்தது. ஐஸ் குச்சியைச் சாய்வாகச் சீவி அதால் வழித்தேன். இரும்புச் சுரண்டி வேண்டாம், தொழில்முறை மிஷின்களில் அடிப்பெட்டி பெரும்பாலும் மெக்னீசியம் கலவை, பெயின்ட் போனால் அரிக்க ஆரம்பிக்கும். மூலைகளுக்குப் பழைய டூத் பிரஷ், அதன் பிடியை நெருப்பில் காட்டி வளைத்துக்கொண்டால் எல்லா இடத்துக்கும் போகும். கழற்றி எடுத்த பிளாஸ்டிக் மூடிகளை மட்டும் வெந்நீரிலும் பாத்திரம் துலக்கும் சோப்பிலும் ஊறப்போட்டேன். ஆரஞ்சு நிறம் என்று அப்போதுதான் தெரிந்தது. எஞ்சின் பக்கம் தண்ணீரே காட்டவில்லை. தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் சீல் வழியாகவும் கார்புரேட்டர் வழியாகவும் உள்ளே போய்விடும், பிறகு பேரிங் துரு.

இரண்டாவது ஞாயிறு காற்றுப் பாதை. ஸ்டார்ட்டர் மூடிக்கு 4 ஸ்க்ரூ, நட்சத்திரத் தலை, டி27. மூடியில் காற்று நுழையும் கீற்றுகளில் பாதி அடைத்திருந்தன. ஃப்ளைவீலில் இருக்கும் இறக்கைகள்தான் இந்த மிஷினுக்கு விசிறி. அது இழுக்கும் காற்று சிலிண்டர் ஃபின்களுக்கு நடுவே போய்ச் சூட்டைக் கொண்டுபோக வேண்டும். அந்த இடைவெளியெல்லாம் சுட்ட செங்கல் மாதிரி இறுகியிருந்தது. இப்படியே கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்திருக்கும்.

இங்கே கம்ப்ரஸர் காற்றை வைத்தது இரண்டாவது தப்பு. இறுகியதை முதலில் உடைக்காமல் காற்று அடித்தால் அது வெளியே வராது, எதிர்ப்பக்கம் போய் இன்னும் இறுகிக்கொள்ளும். அதுவும் போக, ஏர் ஃபில்டரை அப்போது கழற்றிவைத்திருந்தேன், கார்புரேட்டரின் வாய் திறந்துகிடந்தது. பறந்த தூளில் கொஞ்சம் அதன் ஓரத்தில் போய் உட்கார்ந்ததைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. நல்லவேளை, காற்று வழியை அடைக்கும் சோக் மூடியிருந்தது. துடைத்துவிட்டு வாயில் சுத்தமான துணியை அடைத்தேன். பிளக் அதன் இடத்திலேயே இருக்கட்டும், அதைக் கழற்றிவிட்டு இந்த வேலையைச் செய்தால் தூள் நேராக சிலிண்டருக்குள் விழும்.

ஃபின்களுக்கு நான் கண்ட நல்ல கருவி சைக்கிள் ஸ்போக். நுனியைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, 5 மில்லிமீட்டர் கொக்கியாக வளைத்துக்கொண்டேன். சுரண்டுவது, ஒரு சொட்டு மண்ணெண்ணெய், 10 நிமிடம், மறுபடி சுரண்டுவது. ஒன்றரை மணி நேரம் ஆனது. அதன் பிறகுதான் காற்று, அதுவும் குறைந்த அழுத்தத்தில், ஃப்ளைவீலைக் கையால் பிடித்துக்கொண்டு. காற்றால் அதைச் சுழலவிடுவது விளையாட்டாக இருக்கும், பேரிங்குக்கு நல்லதில்லை.

ஏர் ஃபில்டர் வலை மாதிரியானது. உட்பக்கத்தில் இருந்து வெளியே ஊத வேண்டும், மாற்றி ஊதினால் தூள் வலைக்குள் சிக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து விளக்குக்கு எதிரே பிடித்தபோது ஒட்டுவாய் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் பொத்தல் தெரிந்தது. இப்போதைக்கு எபாக்ஸி வைத்திருக்கிறேன், மாற்ற வேண்டும்.

சைலன்சரையும் கழற்றினேன். அதன் வாயில் பொறி வெளியே போகாமல் தடுக்கும் கம்பி வலை பாதி கரியால் மூடியிருந்தது, அதைத் தீயில் காட்டிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். கழற்றியதற்கு உண்மையான காரணம் வேறு. அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்தால் பிஸ்டனின் பக்கம் தெரியும். மேலும் கீழுமாக ஆழமான கீறல் இருந்தால் இத்தனை சுத்தமும் வீண் வேலை. கீறல் இல்லை. மூச்சு வந்தது. இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

கிளட்ச்சுக்கு வருவோம். அதன் பின்னால்தான் எண்ணெய் பம்ப் இருக்கிறது. இந்த மாடலில் ஸ்ப்ராக்கெட் டிரம் கிளட்ச்சுக்கு வெளியே இருக்கிறது, நடுவில் அதைப் பிடித்திருக்கும் சின்ன ஈ-கிளிப், ஆங்கில E எழுத்து வடிவம். நெம்பிய வேகத்தில் கிளிப் 'டிக்' என்று எங்கோ போனது. தரையில் காந்தத்தை இழுத்து, பெருக்கி, கடைசியில் 40 நிமிடம் கழித்து என் சட்டை மடிப்பில் கிடைத்தது. அடுத்த தடவை கையையும் மிஷினையும் சேர்த்து ஒரு பெரிய கண்ணாடிப் பைக்குள் விட்டுத்தான் நெம்புவேன். டிரம்முக்கு உள்ளே ஊசி பேரிங், கிரீஸ் காய்ந்து பழுப்பு மாவாகியிருந்தது. கழுவிப் புது கிரீஸ் வைத்தேன்.

கிளட்ச்சின் மறை இடதுகை மறை. வழக்கத்துக்கு மாறாக, கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். கிளட்ச்சின் மேலேயே அம்புக்குறி போட்டு 'ஆஃப்' என்று எழுதியிருந்தது, தாருக்கு அடியில். நான் தாரைத் துடைப்பதற்கு முன் மாற்றித் திருப்பி இன்னும் இறுக்கியிருந்தேன். திருப்பும்போது எஞ்சின் சுற்றாமல் இருக்க, பிளக் ஓட்டை வழியாக மெல்லிய நைலான் கயிறு ஒரு முழம் உள்ளே விட்டு, பிஸ்டன் மேலே வந்து அந்தக் கயிற்றில் முட்டி நிற்கும்படி செய்ய வேண்டும். பிஸ்டன் மேலே ஏறி, சைலன்சர் பக்கத்து ஓட்டையை மூடிய பிறகே கயிற்றை விட வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஓட்டைக்குள் கயிறு நுழைந்து நறுக்கென்று வெட்டுப்படும், துண்டு உள்ளே நின்றுவிடும்.

பம்ப் நன்றாகவே இருந்தது. அடுத்து பார். இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே செயின் ஓடும் பள்ளத்தை, தேய்ந்த ஹேக்சா பிளேடை உடைத்த துண்டால் உழுதுகொண்டே போனேன். கரி நிறத்தில் ரிப்பன் ரிப்பனாக வந்தது. எண்ணெய் நுழைய பாரில் ஒரு சின்ன துளை உண்டு, பாரைத் தலைகீழாகவும் மாட்டலாம் என்பதால் மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டிலும் பிசின் இறுகிக் கல்லாகி இருந்தது, 3 மில்லிமீட்டர் டிரில் பிட்டைக் கையால் உருட்டித்தான் எடுக்க முடிந்தது. நண்பர் சொன்ன வாக்கியம் அப்போதுதான் புத்தியில் ஏறியது. டேங்கில் எண்ணெய் தீர்ந்திருக்கிறது, பம்ப் தள்ளியிருக்கிறது, பாருக்குள் நுழைய வழியில்லாமல் எல்லாம் கிளட்ச் மூடிக்குள் வழிந்திருக்கிறது. அதில் மரத்தூள் வந்து விழுந்து ஊறித்தான் அந்த மிதியடி. செயினோ காய்ந்து புகைந்திருக்கிறது.

கண்டுபிடித்துவிட்டேன் என்ற மிதப்பில் எல்லாவற்றையும் மாட்டினேன். கிளட்ச் மூடி மறுபடி உட்கார மறுத்தது. செயின் பிரேக்கின் பட்டை அந்த மூடிக்குள்ளேயே இருக்கும் மாடல் இது. பிரேக் விழுந்த நிலையில் பட்டை சுருங்கிவிடும், டிரம் மேல் ஏறாது. முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் பிரேக் காப்பை டி சாவியால் நெம்பிப் பின்னால் இழுத்து பிரேக்கை விடுவித்ததும் அழகாக உட்கார்ந்தது. பட்டையையும் டிரம்மையும் பிரேக் கிளீனரால் துடைத்து உலர்த்தியிருந்தேன், மண்ணெண்ணெய் ஈரம் அங்கே இருந்தால் பிரேக் வழுக்கும். புது செயின் ஆயில் ஊற்றி, அலமாரியில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் மிஷினுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்.

ஒன்றிரண்டு சொட்டு வடிவது செயின்சாவுக்குச் சகஜம். இது சகஜம் இல்லை. எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், அடிப்பக்கம் முழுவதும் ஒரே சீராக எண்ணெய் பரவியிருந்தது, எல்லாம் சுத்தமாக, எல்லாம் பளபளப்பாக, எந்தத் துப்பும் இல்லாமல். பழைய பிசுக்கு இருந்திருந்தால், கசியும் இடத்தில் அது ஈரமாக, கறுப்பாக, மற்ற இடத்தில் வறண்டு பழுப்பாக இருந்திருக்கும். கசிவு எங்கே என்று பல வருடமாக எழுதி வைத்திருந்ததை நான் ஐஸ் குச்சியால் வழித்து டப்பாவில் போட்டுவிட்டேன். இன்னொன்றும் இருக்கிறது. அந்தத் தாரே கசிவைப் பாதி அடைத்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும், நண்பரிடம் இருந்தவரை இவ்வளவு ஒழுகியதில்லையாம்.

மூன்றாவது ஞாயிறு மறுபடி பிரித்தேன். இந்தத் தடவை படம் எடுத்துக்கொண்டே. சந்தேகப்பட்ட இடமெல்லாம் பிரேக் கிளீனரால் உலர்த்தி, முகத்துக்குப் போடும் பவுடரைப் பஞ்சில் தொட்டு மெல்லிசாகத் தூவினேன். டேங்கில் எண்ணெய் நிரப்பி, மிஷினைச் சாய்த்து வைத்துவிட்டு 20 நிமிடம் காத்திருந்தேன். வெள்ளைப் பவுடரில் ஒரு கறுப்பு நூல் இறங்கியது. டேங்கில் இருந்து பம்ப்புக்குப் போகும் ரப்பர் குழாய், அது சுவரைத் தாண்டும் இடத்தில், வளைத்துப் பார்த்தால் மட்டும் வாய் திறக்கும் வெடிப்பு. குழாய் மாற்ற 25 நிமிடம். புதுக் குழாயில் ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் துளைக்குள் வழுக்கிக்கொண்டு போகும், காய்ந்த கையோடு தள்ளினால் மடங்கும்.

செயினை 2 நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கணுக் கணுவாக மடக்கி எடுத்திருந்தேன். துடைத்த பிறகு ஒவ்வொரு வெட்டுப்பல்லும் கொக்கி மாதிரி வளைந்து நிற்பதைப் பார்க்க அழகு. 1946-ல் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, மரத்தைக் குடையும் ஒரு வண்டுப்புழு தன் தாடைகளால் இடமும் வலமுமாகக் கத்தரிப்பதைப் பார்த்துத்தான் இந்த வடிவத்தை யோசித்தார். அடுத்த வருடமே விற்பனைக்கு வந்துவிட்டது. இன்றைக்கும் பெரும்பாலான செயினில் பல் மாறி மாறி இடம் வலம் என்று இருப்பது அந்த வழியில் வந்ததுதான். இது .325 அங்குல பிட்ச் (செயின் கணுக்களின் இடைவெளி அளவு), வட்ட அரம் 4.8 மில்லிமீட்டர். பல்லுக்கு 3 இழுப்பு, வெளிப்பக்கமாக மட்டும். பிசினோடு அரம் போட்டால் அரத்தின் பல் அடைத்துக்கொள்ளும், அதனால் கழுவிய பிறகுதான் அரம்.

புது பிளக்குக்கு இடைவெளி 0.5 மில்லிமீட்டர். பெட்ரோல் கலவை 50-க்கு 1, அதாவது ஒரு லிட்டருக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில். ஆறாவது இழுப்பில் பிடித்தது, முதல் ஒரு நிமிடம் நல்ல புகை, பிறகு தெளிந்தது. பிரேக் போட்டு ஒரு கணம் வேகம் கொடுத்தேன், செயின் அசையவில்லை. அதன் பிறகுதான் அட்டைச் சோதனை.

செலவுக் கணக்கு: மண்ணெண்ணெய் ஒன்றரை லிட்டர், பிரேக் கிளீனர் 2 டின், ஒரு பிளக், ஒரு ரப்பர் குழாய், கிரீஸ் ஒரு விரல். பிரேக் கிளீனரில் ஒரு டின் தேவையே இல்லை. மறுபடி தராசில் வைத்தேன், 5.9 கிலோ. வழித்தது எல்லாம் சேர்த்து 400 கிராம்.

அழுக்கு மண்ணெண்ணெயை ஒரு பாட்டிலில் நிற்க வைத்திருக்கிறேன், 2 நாளில் கசடு அடியில் தங்கிவிட்டது, மேலே தெளிந்தது அடுத்த ஊறலுக்கு ஆகும். நண்பரிடம் இன்னொரு மிஷின் இருக்கிறதாம், அதுவும் புகைகிறதாம். கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், துடைக்காமல்.